சிறுவயதில் கொண்டாடிய மாயாஜாலப் படத்தைப் பெரியவரான பின் மீண்டும் பார்க்கலாமா, பார்த்தால் அந்த மகிழ்ச்சி கெட்டுவிடுமா?

கேள்வி கேட்டவர் அநேகமாகத் தம் பிள்ளைக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருப்பார். பிள்ளை பத்து நிமிடத்தில் எழுந்து போயிருக்கும். படம் பழசாகிவிட்டதா, நமக்குத்தான் வயதாகிவிட்டதா என்ற சந்தேகம் அதற்குப் பிறகுதான் வரும். எனக்கு நேர்ந்தது வேறு. நான் உயிராக நினைத்திருந்த ‘மாயா பஜார்’ படத்தை நாற்பது வயதைத் தாண்டிப் பார்த்தபோது, அதில் எங்கள் வீட்டுக் கூடம் தெரிந்தது.

நான் நகரிக்காரன். 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தி வரைந்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தறிக்கூடத்தில் இரண்டும். கொட்டகைக்கு எந்தப் படப்பெட்டி வந்து இறங்குகிறதோ, அந்த வாரத்துக்கு அதுதான் மொழி. 1957இல் இரண்டு வார இடைவெளியில் தெலுங்கிலும் தமிழிலுமாக வெளிவந்த அந்தப் படம், 1975 வாக்கில் எனக்கு எட்டு வயதாக இருந்தபோது தெலுங்குப் பெட்டியாக எங்கள் ஊருக்கு வந்தது. அடுத்த ஆண்டு திருத்தணிப் பக்கத்து டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, தமிழில் பார்த்தேன். இரண்டிலும் கடோத்கஜன் ரங்காராவ்தான், கிருஷ்ணர் ராமராவ்தான், பெண் சாவித்திரிதான். ஆனால் தெலுங்கில் சசிரேகாவாக நாகேஸ்வர ராவைக் கட்டிக்கொண்டவர், தமிழில் வத்சலாவாக ஜெமினி கணேசனைக் கட்டிக்கொண்டார். எல்லையைத் தாண்டினால் மாப்பிள்ளையும் மாறிவிடுவார் போலிருக்கிறது என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லும்போதே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “அது தெலுங்கு டப்பிங்தானே” என்று தள்ளிவிடுவார்கள். துரியோதனன் மகனாகத் தெலுங்கில் ரேலங்கி செய்த லட்சுமண குமாரனைத் தமிழில் தங்கவேலு செய்திருக்கிறார். ஜெமினி, தங்கவேலு காட்சிகளையெல்லாம் தனியாகப் படம்பிடித்திருக்கிறார்கள். அதை எப்படி டப்பிங் என்பது? இதே ஆட்கள்தான் என்னைப் பார்த்து, “தெலுங்கர் என்றாலும் தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே” என்று பாராட்டியவர்கள்.

கல்யாணச் சமையல் காட்சியை எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் நடித்திருக்கிறோம். தட்டிலிருந்து லட்டுகள் தாமாகவே எழும்பி ரங்காராவின் வாய்க்குள் போகும்போது நான் விரல் மடக்கி எண்ணுவேன். ஒரு தடவையும் கணக்கு முடிந்ததில்லை. அப்பா நூல் கடை வைத்திருந்தார், மிகவும் இறுக்கமான மனிதர். அவரே அந்தப் பாட்டின் சிரிப்பைக் கடையில் உட்கார்ந்தபடி சிரித்துக் காட்டுவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2010இல் தெலுங்குப் பதிப்புக்கு வண்ணம் ஏற்றித் திரையரங்குகளில் வெளியிட்டபோது அப்பாவுக்கு எழுபத்தேழு வயது. கைப்பிடித்து அழைத்துப் போனேன். வண்ணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி கறுப்பு வெள்ளையில் காட்டிய நிலவொளிக்கு வேறு நிறம் எதற்கு? வித்தைகளில் வெட்டி ஒட்டிய இடங்களும் கண்ணில் பட்டன. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. லட்டு வந்தபோது விரல் தானாகவே மடங்கியது.

ஆனால் லட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் படம் ஓடுகிறது. சிறுவயதில் அந்தப் பகுதியை முறுக்குத் தின்றே கடத்தியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. பலராமன் தன் மகளைத் தங்கை சுபத்ரையின் மகன் அபிமன்யுவுக்குத் தருவதாகச் சிறுவயதிலேயே வாக்குக் கொடுத்தவன். பாண்டவர்கள் சூதில் நாட்டை இழந்ததும் அவன் மனைவி ரேவதி, ஒன்றுமில்லாதவன் வீட்டில் பெண்ணைக் கொடுப்பதா என்று மறுத்துவிடுகிறாள்; துரியோதனன் மகனுக்குப் பெண் பேசுகிறார்கள். மனதுக்குப் பிரியமானதை அவரவருக்குக் காட்டும் பிரியதர்சினி என்ற பெட்டியில் ரேவதிக்குத் தெரிந்தவை நகைகள் என்பதை எட்டு வயதில் நான் கவனித்ததேயில்லை. இத்தனைக்கும் பாண்டவர்களில் ஒருவரைக்கூடப் படம் கடைசி வரை காட்டுவதில்லை. தோற்றவர்கள் எங்கோ இருக்கிறார்கள், அவர்களுக்காகப் பெண் கேட்க வந்த சுபத்ரை மட்டும் வாசலில் நிற்கிறாள்.

எங்கள் அத்தையும் அப்படித்தான் வந்தார். அக்கா தொட்டிலில் கிடந்தபோதே அத்தை மகனுக்கு என்று பேச்சாகியிருந்தது. அத்தையின் கணவர் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு, வைத்திருந்த ஆறு தறிகளையும் இழந்தார். 1979இல், எனக்குப் பன்னிரண்டு வயது, வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்த மஞ்சள் பையுடன் அத்தை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். “தையில் வைத்துக்கொள்ளலாமா அண்ணா?” என்று கேட்டார். அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “இப்போதே என்ன அவசரம், பார்க்கலாம்” என்றார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அத்தை எழுந்துவிட்டார். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பையை நான்தான் சுமந்துபோனேன். நிறுத்தத்தில் பழங்களையெல்லாம் என் கையில் கொடுத்துவிட்டு, வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். வரும் வழியில் மூன்று பழங்களைத் தின்றேன். அடுத்த ஆவணியில் அக்காவை வேலூரில் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தருக்குக் கொடுத்தார்கள்.

அத்தை மகனைக் கட்டுவதற்கு வக்காலத்து வாங்குகிறானே, நெருங்கிய உறவில் மணந்தால் பிள்ளைகளுக்குக் கோளாறு வரும் என்பது தெரியாதா என்று சண்டைக்கு வருவோருக்குச் சொல்கிறேன்: தெரியும். என் பிள்ளைகளுக்கு நான் அப்படிச் செய்யவில்லை. அக்காவும் வேலூரில் குறையில்லாமல்தான் வாழ்ந்தார். கேட்க வந்தவரிடம் ‘இல்லை’ என்றாவது சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். அப்பாவை ஊர் முன்னால் நிறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அவர் இப்போது இல்லை.

படத்தில் பலராமனுக்குத் தப்பிக்க வழியிருக்கிறது. சகுனி வந்து இனிக்க இனிக்கப் பேசி அவனை ஏமாற்றுகிறான். கடைசியில் சத்திய பீடத்தில் ஏறி நின்று எல்லா உண்மையையும் அந்தச் சகுனியே கக்கியும் விடுகிறான். எங்கள் வீட்டுக்குச் சகுனி எவனும் வரவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து வெளியேறிய சுபத்ரைக்குக் காட்டில் இருந்த இடிம்பி இடம் கொடுத்ததுபோல, உறவென்று எதுவுமில்லாத ஒருவர் புத்தூரில் அத்தை குடும்பத்துக்குக் கூலிக்குத் தறி கொடுத்தார்.

அன்று திரையரங்கில் சுபத்ரையும் மகனும் துவாரகையை விட்டுத் தேரேறும் காட்சி வந்தபோது நான் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரேவதி அப்படிச் சொன்னால் பலராமன்தான் என்ன செய்வான்?” என்றார். அம்மா இறந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தை வந்த அன்று கூடத்தில் அம்மா சொன்ன ஒரே வார்த்தை, “சாப்பிட்டுவிட்டுப் போங்கள் அண்ணி” என்பதுதான். நான் ஒன்றும் பேசவில்லை. கடோத்கஜன் வந்ததும் அப்பா பழையபடி உரக்கச் சிரித்தார். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகவே, தாராளமாகப் பாருங்கள். என்னைப்போல் வீட்டு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பதானால் மட்டும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள். சென்ற பொங்கலுக்கு அக்கா வந்திருந்தபோது தமிழ்ப் பதிப்பைத் தொலைக்காட்சியில் போட்டேன். பிரியதர்சினிப் பெட்டி வரை கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், சுபத்ரை அண்ணன் முன்னால் வந்து நின்றதும் ரிமோட்டைக் காட்டினார். “இதைத் தள்ளுடா. சாப்பாட்டுப் பாட்டுக்குப் போ.”

தள்ளினேன்.