மறு: அப்பாவின் கழுத்துக் கட்டியை ஏன் முழுதாக எடுக்கச் சொல்கிறார்கள்?

ஊசிச் சோதனையில் 'தெளிவில்லை' என்று வந்ததால் கட்டியையே எடுக்கச் சொல்கிறார்கள், பணத்துக்காகவோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லைங்க. மெல்லிய ஊசியில் வருவது உதிரிச் செல்கள்தான். லிம்ஃபோமாவா (நிணநீர் மண்டலப் புற்று), எந்த வகை என்று சொல்ல, கட்டியாக வீங்கியிருக்கும் நிணநீர்க் கணுவின் அமைப்பு கலையாமல் வேண்டும். நாலு செங்கல்லைக் காட்டி வீட்டைக் கேட்டால் எப்படி? திசுவில் ஒரு துண்டை ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களின் வகையைக் கண்டறியும் சோதனை) அனுப்புவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். மூக்குக்குள் கேமரா விட்டதும் வழக்கம்தான். மூக்குத்தொண்டைப் புற்றும் பல நேரம் கழுத்துக் கட்டியாகத்தான் தலைகாட்டும். காசநோயும் சில நேரம் அப்படியே.

அப்புறம், வீக்கம் வற்ற யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், பயாப்சிக்கு (கட்டியை எடுத்துச் சோதிப்பது) முன் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். கட்டி சுருங்கி முடிவே குழம்பிவிடும். என் மாமாவுக்கு இரண்டு மாதம் அப்படித்தான் வீணானது.