ஸ்டேஜ்ல நம்ம கிட்டார் நமக்கே கேக்கலையா? உங்க கேள்விகளுக்கு பதில்

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவங்க அனுப்பின கேள்விகள்ல பாதிக்கு மேல இந்த ஒரே பிரச்சனைதான், அதனால இந்த முறை அதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட ஒரு 40 வாட்ஸ் ட்யூப் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில) இருக்கு. ஸ்டேஜ்ல எனக்குப் பின்னாடி தரையில வச்சிருக்கேன். எனக்கு சரியாவே கேக்கல, ஆனா முன் வரிசையில இருக்கவங்க காது கிழியுதுன்றாங்க. ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல நடக்கும்? (காலேஜ் பேண்ட், கோயம்புத்தூர்)

நடக்கும் தம்பி, நிறைய பேருக்கு தினமும் நடக்குறதுதான் இது. கிட்டார் ஸ்பீக்கர்ல இருந்து வர்ற பேஸ், அதாவது கீழ் சத்தம், எல்லா பக்கமும் பரவும், ஆனா மேல் சத்தம், அதாவது பிக் படுற அந்த கூர்மை, டார்ச் அடிச்ச மாதிரி நேரா ஒரே திசையிலதான் போகும். 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் சுமார் 34 சென்டிமீட்டர், உங்க 12 இன்ச் ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட அதே சைஸ், அதுக்கு மேல போகப் போக அந்த பீம் குறுகிக்கிட்டே வரும். நாம என்ன நோட் வாசிக்கிறோம்னு தெளிவா பிரிச்சுக் காட்டுறது 2000-லேர்ந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்க ஏரியா, அது உங்க முழங்காலுக்குப் பக்கத்துல உங்கள தாண்டி நேரா முன் வரிசைக்குப் போயிடுது. உங்க காதுக்கு மொத்தமா ஒரு கும்முனு சத்தம் மட்டும்தான் வரும், உடனே நீங்க ட்ரெபிள (மேல் சத்தத்த) ஏத்துவீங்க, அங்க உக்காந்திருக்கவங்களுக்கு இன்னும் மோசமாகும்.

இதுக்கு காசு செலவு பண்ண வேண்டாம். ஆம்ப தூக்கி ஒரு ஸ்டூல் மேல வைங்க, இல்லன்னா முன் பக்கம் அடியில மரக்கட்டை குடுத்து பின்னாடி சாய்ச்சு வைங்க, ஸ்பீக்கர் உங்க முகத்தப் பாக்கணும், அவ்ளோதான். ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் மாதிரி ஆம்ப்கள்ல பக்கவாட்டுல சாய்க்கிற கால் வச்சே விக்கிறது இதுக்காகத்தான். இன்னும் நல்லது, ஆம்ப ஸ்டேஜோட ஓரத்துல வச்சு குறுக்கா உங்களப் பாத்து திருப்புறது, அப்ப முன் வரிசைக்கு நேரா போற சத்தம் கணிசமா குறைஞ்சிடும். வச்ச பிறகு டோன புதுசா செட் பண்ணுங்க, ஸ்பீக்கருக்கு நேரா காத வச்சு ஒரு கார்ட் அடிச்சுப் பாத்தாலே ட்ரெபிள் எவ்ளோ அதிகம்னு தெரியும், நீங்களே குறைப்பீங்க. ஆம்ப் முன்னாடி வைக்கிற எஸ்எம்57 மைக்குக்கும் அந்த சத்தம்தான போகுது, அதனால மிக்ஸர்லயும் டோன் சரியாயிடும்.

கேள்வி: வீட்ல வாசிக்கும்போது டோன் அட்டகாசமா இருக்கு. பேண்டோட சேந்து வாசிச்சா காணாமயே போயிடுது. பெடல் மாத்தணுமா?

பெடல் எதுவும் வாங்காதீங்க, முதல்ல மிட்ஸ் (நடு சத்தம்) நாப்பப் பாருங்க. நம்ம காது சத்தம் கம்மியா இருக்கும்போது பேஸையும் ட்ரெபிளையும் கம்மியாத்தான் கேக்கும், இத ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லயே அளந்து வெளியிட்டாங்க. ராத்திரி ரூம்ல மெதுவா வச்சு வாசிக்கும்போது அந்த ரெண்டையும் ஏத்தி மிட்ஸ இறக்கினா பிரமாதமா இருக்கும். அதே செட்டிங்க ஸ்டேஜ் வால்யூம்ல போட்டா பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் உங்க கீழ்ப் பகுதிய முழுங்கிடும், சிம்பல் மேல் பகுதிய முழுங்கிடும், நடுவுலதான் நீங்க நிக்கணும், அந்த நடுவ நீங்களே இறக்கி வச்சிருக்கீங்க. கிட்டாரோட அடி ஸ்ட்ரிங் 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரோட அடி ஸ்ட்ரிங் 41, அந்த கீழ் ஏரியாவுக்காக பேஸ் வாசிக்கிறவரோட போட்டி போடுறதுல அர்த்தமே இல்ல, விட்டுக் குடுத்துடுங்க. பேஸ் 3, 4-ல வைங்க, மிட்ஸ் 6, 7, கெயின (டிஸ்டார்ஷன் அளவ) வீட்ல வைக்கிறதுல பாதி, ரிவர்பும் (எதிரொலி) பாதி. தனியா கேட்டா மூக்கால பாடுற மாதிரி இருக்கும், பரவாயில்ல, பேண்டோட கேளுங்க, கரெக்டா உக்காரும்.

இன்னொன்னு, லைட் மியூசிக் குரூப்ல வாசிக்கிறவங்களுக்கு. கீபோர்ட் வாசிக்கிறவர் ஸ்ட்ரிங்ஸ் பேட் (வயலின் கூட்டம் மாதிரி நீண்டு ஒலிக்கிற சத்தம்) போட்டு இடது கையால முழு கார்டையும் அமுக்கிட்டே இருந்தா நீங்க டோன (ஈக்யூ) எப்படி மாத்தினாலும் வேலைக்கு ஆகாது. பிராக்டிஸ் அன்னைக்கே அவர்கிட்ட மரியாதையா பேசி அந்த இடத்த பிரிச்சுக்கோங்க, அவர் கீழ புடிச்சா நீங்க மேல மூணு ஸ்ட்ரிங்ல மட்டும் வாசிங்க. ரெண்டு கிட்டார் இருந்தாலும் இதே கதைதான், ரெண்டு பேரும் ஒரே ஓப்பன் கார்ட அடிச்சா ரெண்டு பேருக்குமே கேக்காது. கிட்டார் கேக்கலன்ற புகார்ல பெரும்பாலும் கோளாறு அரேஞ்ச்மென்ட்லதான் இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன்.

கேள்வி: 50 வாட்ஸ வித்துட்டு 100 வாட்ஸ் வாங்கலாமா?

வேண்டாம். வாட்ஸ் டபுள் ஆனா ஏறுறது வெறும் 3 டெசிபல், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமா தெரியணும்னா சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேணும். 1965-ல நியூயார்க் ஷே ஸ்டேடியத்துல பீட்டில்ஸ் வாசிச்சப்ப வாக்ஸ் கம்பெனியோட 100 வாட்ஸ் ஆம்ப்தான் வச்சிருந்தாங்க, அம்பதாயிரத்துக்கு மேல கூட்டம், வாசிக்கிறது அவங்களுக்கே கேக்குறதுக்காக அவங்கள நோக்கி வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்னு கூட கிடையாது, கத்துற சத்தத்துல அவங்க வாசிச்சது அவங்களுக்கே கேக்கல. இருக்க ஆம்ப காதுக்கு நேரா திருப்புங்க, போதும்.

கேள்வி: சர்ச்ல வாசிக்கிறேன். ஆம்ப் கிடையாது, மல்டி எஃபெக்ட்ஸ்லேர்ந்து (நிறைய பெடல் ஒன்னா இருக்க யூனிட்) நேரா மிக்ஸர். மானிட்டர்ல குரல் மட்டும்தான் வருது. கிட்டார ஏத்தச் சொன்னா ஃபீட்பேக் (விசில் சத்தம்) வரும்னு மிக்ஸர்ல இருக்க பிரதர் ஏத்த மாட்டேங்குறார். (திருநெல்வேலி)

அவர் பயம் நியாயமானதுதான், ஆனா அந்த விசில் வர்றது உங்க கிட்டாரால இல்ல. நேரா கேபிள்ல வர்ற கிட்டார் சத்தத்துக்கு மைக்கே கிடையாது, அது தனக்குத் தானே சுத்தி ஃபீட்பேக் ஆக வாய்ப்பு ரொம்பக் கம்மி. விசில் அடிக்கிறது அதே மானிட்டர்ல போற குரல், மைக் அத திரும்பப் புடிக்குது. அதனால முதல்ல கேக்க வேண்டியது உங்களுக்குன்னு தனி ஆக்ஸ் (மிக்ஸர்லேர்ந்து மானிட்டருக்குப் போற தனி லைன்), அதுல கிட்டார் முக்கால்வாசி, குரல் கொஞ்சம். அந்த ஆக்ஸ் ப்ரீ ஃபேடர்ல (ஹால் வால்யூம் ஃபேடருக்கு முன்னாடியே பிரியுற மாதிரி) இருக்கணும், இல்லன்னா ஹால் சத்தத்த அவர் குறைக்கும்போதெல்லாம் உங்க மானிட்டரும் சேந்து குறையும். பாடுறவங்க மானிட்டர் எங்க இருக்குன்னும் பாருங்க, எஸ்எம்58 மாதிரி கார்டியாய்ட் (நேர் பின்னாடி வர்ற சத்தத்த ரொம்பக் கம்மியா எடுக்கிற) மைக்னா மானிட்டர் மைக்கோட நேர் பின்பக்கத்துல இருக்கணும், பீட்டா 58 மாதிரி சூப்பர் கார்டியாய்ட்னா கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி.

தனி ஆக்ஸ் இல்லன்னா இப்படிப் பண்ணுங்க. உங்க யூனிட்ல லெஃப்ட், ரைட்னு ரெண்டு அவுட் இருக்கும், ஒன்ன மிக்ஸருக்கு, இன்னொன்ன உங்க பக்கத்துல வச்ச சின்ன பவர்ட் ஸ்பீக்கருக்கு. அப்ப உங்க சத்தம் உங்க கையில. ஒரு விஷயம் மட்டும் கவனம், ரெண்டு ஜாக்கும் சொருகினா நிறைய யூனிட் ஸ்டீரியோவுக்குப் போயிடும், டிலே ஒரு பக்கம் மட்டும் போய் ஹால்ல பாதிதான் கேக்கும், அதனால மெனுல மோனோ ஆக்கிடுங்க. கேப் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி வழியா வர்ற மாதிரி சத்தத்த மாத்துற செட்டிங்) ஆன்ல இருக்கான்னும் பாருங்க, அது ஆஃப்ல இருந்தா டிஸ்டார்ஷன் போட்டதும் ஈ மொய்க்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், அத எந்த மானிட்டராலயும் சரி பண்ண முடியாது.

கேள்வி: இன்-இயர் (காதுக்குள்ள வைக்கிற மானிட்டர்) போட்டா தனியா ரூம்ல இருக்க மாதிரி இருக்கு, ஒரு காத கழட்டிட்டு வாசிக்கிறேன். தப்பா?

தப்புதான், தயவு செஞ்சு விட்டுடுங்க. ரெண்டு காதால கேக்கும்போது சத்தம் இயல்பாவே அதிகமாத் தெரியும், ஒன்ன கழட்டினதும் மிச்ச காதுல வால்யூம ஏத்துவீங்க, திறந்த காதுக்கு டிரம்ஸ் முழுசா போகும், ரெண்டு காதும் அடி வாங்கும். ஆடியன்ஸப் பாத்து ஒரு மைக் வச்சு அத மானிட்டர்ல கொஞ்சமா கலக்கச் சொல்லுங்க, தனிமை போயிடும். ஸ்டீரியோ மிக்ஸ் கிடைச்சா கிட்டார கொஞ்சம் ஒரு பக்கமாவும் கீபோர்ட மறுபக்கமாவும் பிரிச்சா, வால்யூம் ஏத்தாமயே தெளிவாக் கேக்கும். பேஸே வரலன்னா காது டிப் சரியா அடைக்கல, சைஸ் மாத்துங்க.

கேள்வி: திருவிழா ஸ்டேஜ் பெருசு, ஆம்ப்லேர்ந்து தள்ளி நிக்கும்போது தாளத்துக்கு பின்னாடி வாசிக்கிற மாதிரி தோணுது, பிரமையா?

பிரமை இல்ல. சத்தம் ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும், 8 மீட்டர்னா 23 மில்லி செகண்ட், கைக்கு நல்லாவே தெரியும். பக்கத்துல ஒரு மானிட்டர் வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஆம்ப் பக்கத்துல வந்து நில்லுங்க.

கேள்வி: ஷோ முடிஞ்சா காதுல ஙொய்ய்னு சத்தம், காலைல சரியாயிடுது. கவலைப்படணுமா?

படணும். அமெரிக்காவுல வேலை இடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயுற நயாஷ் (NIOSH) அமைப்பு சொல்ற வரம்பு 85 டெசிபல்ல 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான். சிம்பல் பக்கத்துல நிக்கிற கிட்டாரிஸ்டுக்கு அது மூணு, நாலு பாட்டு. மியூசிஷியன்களுக்குன்னே விக்கிற இயர்பிளக் வாங்குங்க, பஞ்சு மாதிரி இருக்க ஃபோம் பிளக் மேல் சத்தத்த மட்டும் ரொம்ப வெட்டிடும், இது எல்லாத்தையும் கிட்டத்தட்ட சமமா குறைக்கும், பழகிட்டா கிட்டார் முன்ன விட தெளிவா கேக்குதுன்னு சொல்றவங்க நிறைய பேர். அந்த சத்தம் ஒரு நாள் ஆகியும் நிக்கலன்னா இஎன்டி டாக்டர்கிட்ட போய் ஆடியோகிராம் (கேக்குற திறன் டெஸ்ட்) எடுங்க. ஒரு காது திடீர்னு அடைச்சுப் போச்சுன்னா அன்னைக்கே போகணும், அதுக்கு மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன்.

கேள்வி: சவுண்ட் செக்குக்கு அஞ்சு நிமிஷம்தான் தர்றாங்க. அதுல என்ன பண்றது?

தனியா லீட் வாசிச்சுக் காட்டாதீங்க, தனியா வாசிச்சா எல்லாமே கேக்கும். செட்லயே சத்தமான பாட்ட மொத்த பேண்டும் சேந்து ஒரு நிமிஷம் வாசிங்க, அப்புறம் சவுண்ட் அண்ணன்ட்ட முதல்ல எது வேண்டாம்னு சொல்லுங்க, "எனக்கு கீபோர்ட கம்மி பண்ணுங்கண்ணா"ன்னு. அது பத்தலன்னா மட்டும் கிட்டார ஏத்தச் சொல்லுங்க. சோலோவுக்கு வச்சிருக்க பூஸ்ட் பெடலையும் (சத்தம் ஏத்துற பெடல்) அப்பவே மிதிச்சுக் காட்டிடணும். பூஸ்ட் பெடல் டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி இருந்தா கெயின்தான் ஏறும், சத்தம் பெருசா ஏறாது, அத டிஸ்டார்ஷனுக்கு அப்புறம் வைங்க, ஆம்ப்லயே டிஸ்டார்ஷன் எடுக்கிறவங்க எஃபெக்ட்ஸ் லூப்ல (ஆம்ப் பின்னாடி இருக்க சென்ட், ரிட்டர்ன் ஜாக்) வைங்க, 4 டெசிபல் ஏத்தினா தாராளம்.