ரயோங்கா, பிறையா?

வணக்கம் சகோ. கோவை அலுமினிய டை காஸ்டிங் (உருக்கிய உலோகத்தை அச்சில் அழுத்தி வார்ப்பது) ஆலைக்குக் கிளை தாய்லாந்திலா, மலேசியாவின் பினாங்கிலா என்று கேட்டீர்கள். சரக்கு யாருக்கு என்று சொல்லவில்லையே! பிக்கப் டிரக் கம்பெனிகளுக்கு என்றால் யோசிக்காமல் தாய்லாந்தின் ரயோங் போங்கள். 2023இல் தாய்லாந்தில் 18 லட்சம் வண்டிகள் தயாரானது, மலேசியாவில் 7.7 லட்சம்தான். அதிலும் மலேசியக் கார் கம்பெனிகளான பெரோடுவா, புரோட்டோன் ஆலைகள் சிலாங்கூர், பேராக் மாநிலங்கள் பக்கம், பினாங்கில் இல்லை.

எலெக்ட்ரானிக் பாகங்களுக்கு உறை வார்ப்பதென்றால் கதையே வேறு, பினாங்குதான். பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் போஷ், பக்கத்து கெடா மாநிலத்தின் கூலிமில் சிப் கம்பெனி இன்ஃபினியோன்.

ஆள்தான் தலைவலி. நான் இருப்பது பினாங்கின் பிறையில் ஒரு மோல்டு (வார்ப்பு அச்சு) பட்டறை. மெஷின் பழக்கிவிட்ட பையன் போன மாதம் சொல்லாமல் சிங்கப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். அவன் சேஃப்டி பூட்ஸ் இன்னும் கதவோரம் கிடக்கிறது. பழக்கிய ஆள் இப்படிப் போய்விடுவதையும் சம்பளக் கணக்கில் சேர்த்துப் போடுங்கள்.