கச்சான் காற்றும் கரகரக்கும் கிற்றாரும்: திருகோணமலையிலிருந்து சில கேள்வி பதில்

சைக்கிள் ஓடுவது, றொக் கேட்பது, கிற்றார் பழகுவது பற்றி ஊரில் பலரும் கேட்ட கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். போட்டிக்கு ஓடுபவர்களுக்கும் மேடைக்குத் தயாராகுபவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்து, வகுப்பு முடிந்து, தன் சந்தோசத்துக்காகச் செய்பவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள். அதற்குப் பெரிய காசு தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். நம் ஊர்க் காற்றையும் உப்பையும் கொஞ்சம் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

உவர்மலையிலிருந்து ஒரு தங்கை: வீட்டு மூலையில் பழைய லுமாலா சைக்கிள் ஒன்று இரண்டு வருசமாக நிற்கிறது அண்ணா. மறுபடி ஓட ஆசை. கியர் சைக்கிள் புதிதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம் தங்கச்சி. அதையே சைக்கிள் கடைக்குக் கொண்டுபோங்கள். நின்றே கிடந்த சைக்கிளில் முதலில் கெடுவது ரப்பர்தான். ரயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். பிறேக் கட்டை கல்லாக இறுகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். செயினைக் கழுவி எண்ணெய் விடச் சொல்லுங்கள். எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். கையால் அமத்திப் பார்த்துக் கணக்குப் போடுவதை விட அது நம்பகமானது.

அடுத்தது சீற் உயரம். இதை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அது பெரிய கவலை. சீற்றில் இருந்தபடி குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் ஆகக் கீழே வரும்போது கால் நேராக நிற்க வேண்டும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே மெல்ல மடங்கும். நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு காலும் தரையில் படும்படி சீற்றை இறக்கிவிட்டு, முழங்கால் நோகிறது என்று சைக்கிளைக் குறை சொல்கிறார்கள்.

உவர்மலை ஏற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். இறங்கி உருட்டிக்கொண்டு வாருங்கள். அதுவும் சைக்கிள் பயணத்தில் சேர்ந்ததுதான்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு தம்பி: சில நாள் பறந்து போகிறேன், சில நாள் சைக்கிள் நகரவே மாட்டேன் என்கிறது. ஒரே வீதி, ஒரே சைக்கிள். ஏன் அண்ணா?

காற்று, தம்பி. இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. இதற்குப் பதில் தெரிந்தவர் நம் ஊரில் வருசம் முழுக்க ஓடலாம்.

மே மாதம் தொடங்கி ஓகஸ்ட், செப்ரெம்பர் வரை கச்சான். தென்மேற்கிலிருந்து மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வரும்போது காய்ந்து சூடாக வரும் காற்று. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழையோடு சேர்ந்த வாடை, வடகிழக்கிலிருந்து. இதற்கு நடுவில் தினமும் ஒரு சின்ன மாற்றமும் உண்டு. விடியற்காலையில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று. வெயில் ஏறித் தரை சூடானதும் கடலிலிருந்து தரைக்கு.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. கால் புதிதாக இருக்கும்போது கஷ்டத்தை முடித்துவிட்டால், களைத்த நேரத்தில் காற்றே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். ஆகவே கச்சான் காலத்தில் கன்னியாப் பக்கம் போங்கள். நகரத்திலிருந்து உள்நாட்டை நோக்கி மேற்காகப் போகிற வழி அது. திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்றிலும் சூடு சற்று வேறு. கால் வலிக்கு அந்த நீரை ஊற்றிக்கொள்வது தனிச் சுகம். வாடைக் காலத்தில், மழை விட்ட நாளாகப் பார்த்து நிலாவெளிப் பக்கம் வடக்கே போங்கள். வரும்போது அதே காற்று உங்களுடையது.

நீங்கள் சொல்லும் "பறந்து போகிற நாள்" பெரும்பாலும் பின்காற்று நாளாகத்தான் இருக்கும். அன்று ஆசையில் இறக்கக்கண்டிப் பாலம் வரை போய்விட்டால் திரும்பும்போதுதான் கணக்குத் தெரியும். கச்சான் காலத்தில் இருள் பிரியும்போதே புறப்பட்டு எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

டச்பே பக்கத்திலிருந்து: ஆறு மாதத்தில் செயின் சிவந்துபோகிறது. தேங்காய் எண்ணெய் விடுகிறேன், சரியா?

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆக அது பிசினாகி, கடற்கரை மணலை இழுத்து ஒட்டவைக்கும். மணலும் எண்ணெயும் சேர்ந்தால் செயினுக்கு அரம் பிடித்த மாதிரி. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், அதனால்தான் மழையே இல்லாத மாதத்திலும் துரு ஏறுகிறது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, செயின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி விடுங்கள். பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு வெளியே மினுங்குகிற எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் கண்ணிக்குள்ளே இருந்தால் போதும். அழுக்குக் கூடிவிட்டால் மண்ணெண்ணெயில் கழுவலாம்.

கிற்றார்க் கம்பிக்கும் இதே வருத்தம்தான். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் கம்பியை மேலும் கீழும் துடைத்து உறைக்குள் வையுங்கள். கடல் பார்த்த யன்னலோரம் சுவரில் மாட்டிவைப்பது பார்க்க அழகு, ஆனால் கம்பி சீக்கிரம் செத்துவிடும்.

மூதூரிலிருந்து ஒரு தம்பி: தொழிலுக்குப் போன இடத்தில் இடது கையில் நடுவிரல், மோதிரவிரல் நுனி போய்விட்டது. றொக் என்றால் உயிர். இனிக் கிற்றார் பழக முடியுமா?

முடியும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

பிளாக் சபாத் என்ற றொக் குழுவின் கிற்றார்க் கலைஞர் ரோனி அயோமிக்கு நடந்தது இதே விபத்துத்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை, வயது 17. இயந்திரத்தில் கை அகப்பட்டு, நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற வலது கையிலேதான் அந்தக் காயம். முடிந்தது என்று அவர் இருந்தபோது, தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928 இல் தீயில் கை கருகி, இரண்டு விரல் செயலிழந்த பிறகும் உலகம் வியக்க வாசித்த ஜாஸ் கலைஞர். அதைக் கேட்ட அயோமி, பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு மறுபடி தொடங்கினார். கம்பி அழுத்த வலித்ததால் மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார். பிறகு சுருதியையும் இறக்கினார். 1971 இல் வந்த அவர்களது மூன்றாவது இசைத்தொகுப்பில் ஒன்றரைத் தொனி வரை இறக்கியிருக்கிறார். கம்பி தளர்ந்ததால் ஒலி தடித்துக் கனத்தது. பிறகு வந்த ஹெவி மெற்றல் என்ற கனத்த றொக் முழுக்க அந்தக் கனம் கேட்கிறது.

இனி உங்கள் விசயம். நீங்கள் இனித்தான் தொடங்கப் போகிறீர்கள் என்பது பெரிய வசதி. கிற்றாரைத் திருப்பிப் பிடியுங்கள். வலது கையால் கம்பியை அழுத்துங்கள், இடது கையால் மீட்டுங்கள். மீட்டுவதற்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் போதும். பழக்கம் எதுவும் பதியாதவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கம்பிகளை எதிர் ஒழுங்கில் மாற்றிப் போட வேண்டும். கம்பி இருக்கிற பள்ளங்களையும் அதற்கு ஏற்றபடி சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இல்லை, இடது கையால்தான் அழுத்துவேன் என்றால் அதற்கும் வழி உண்டு. றொக்கின் அடிப்படை பவர் கோட். அதில் இரண்டே சுரம், சட்ஜமும் பஞ்சமமும். சுட்டுவிரலும் சுண்டுவிரலும் இருந்தால் வாசித்துவிடலாம். ஆகத் தடித்த கம்பியை ஒரு முழுத்தொனி இறக்கிக்கொண்டால் சுட்டுவிரலை மட்டும் மூன்று கம்பிக்குக் குறுக்கே வைத்தே பவர் கோட் வரும். எலக்ரிக் கிற்றாரும் ஆக மெல்லிய கம்பித் தொகுதியும் வாங்குங்கள், காயம்பட்ட விரலுக்கு அது இதம். தொடங்குங்கள் தம்பி. என்ன தடை வந்தாலும் எழுதுங்கள்.

திருக்கடலூரிலிருந்து ஒரு அம்மா: மகள் வாய்ப்பாட்டு படிக்கிறாள். இப்போது எந்நேரமும் றொக் கேட்கிறாள். சுருதி கெட்டுவிடுமோ என்று பயம்.

கெடாது அக்கா. அவளுக்குத் தெரிந்த ஒன்றைத்தான் அவள் அங்கே கேட்கிறாள். றொக் கிற்றார் தனி வாசிப்புகளில் பெரும்பகுதி நிற்கிற ஐந்து சுரத்தை மகளிடம் பாடிக் காட்டச் சொல்லுங்கள்: சட்ஜமம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். அவளே "சுத்த தன்யாசி அம்மா" என்பாள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து அந்த ஐந்தும் றொக்குக்கு வந்தன. நடுவில் பிரதி மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு விடுவார்கள், அதில்தான் புளூஸின் ஏக்கம். இனிமையான பாட்டுகளில் மோகனத்தின் சுரங்களும் நிறைய வரும். கம்பியை விரலால் தள்ளி ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுக்கிறார்களே, கமகம் பழகிய காதுக்கு அது உடனே பிடிபடும்.

வேறுபாடும் உண்டு. அங்கே பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும், சட்ஜமம் என்று நாம் பிடித்துவைத்த இடம் பாட்டின் நடுவிலேயே மாறும். அவளுக்கு அது புதுப் பயிற்சி. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து இது என்ன சுரம் என்று கேளுங்கள், எவ்வளவு சந்தோசமாகச் சொல்வாள் என்று பாருங்கள். எனக்கு ஒரே ஒரு கவலை, சத்தத்தின் அளவு. சத்தம் 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபெல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பத்துக் கூடினாலே நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. இயர்போனில் 60 வீதத்துக்கு மேல் ஏற்ற விடாதீர்கள்.

உப்புவெளியிலிருந்து: இயர்போன் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடலாமா?

கூடாது. ஒரு காதில் மட்டும் என்றாலும் கூடாது. நிலாவெளி வீதியில் பின்னால் வருகிற பஸ்ஸை நீங்கள் முதலில் அறிவது காதால்தான். போய்ச் சேர்ந்து, கடற்கரையில் உட்கார்ந்து ஆசை தீரக் கேளுங்கள். இரவில் ஓடுவதென்றால் முன்னுக்கு வெள்ளை விளக்கு, பின்னுக்குச் சிவப்பு, இரண்டும் வேண்டும். மாடுகள் சூடு தேடித் தார் வீதியில் படுத்திருக்கும்.

மடத்தடியிலிருந்து ஒரு ஐயா: எனக்கு 58 வயது. கிண்ணியாப் பாலம் வரை ஒருமுறை சைக்கிளில் போக ஆசை, தம்பி. முழங்கால் விடுமா?

போகலாம் ஐயா, அவசரப்படாமல். மேலே சொன்ன சீற் உயரத்தை முதலில் பாருங்கள். இதய வருத்தமோ பிறசரோ இருந்தால் டொக்டரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். பாரமாக மெல்ல மிதிப்பதை விட, இலேசாக வேகமாகச் சுற்றுவது முழங்காலுக்கு நல்லது. உங்களுக்குக் கியர் சைக்கிள் கிடைத்தால் உதவியாக இருக்கும். முதல் சில வாரம் உட்துறைமுக வீதி வரை, பிறகு சீனக்குடா வரை என்று நீட்டிக்கொண்டு போங்கள். வெயிலில் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை உப்பு. நடுவில் இளநீர்.

பாதை என்று நாம் சொல்கிற மிதவையில் ஏறிக் கிண்ணியாத் துறையைக் கடந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2009 இல் திறந்த பாலம் 396 மீற்றர் நீளம், நம் நாட்டின் நீண்ட பாலங்களில் ஒன்று. நடுப்பாலத்தில் ஓரமாக நிறுத்தி இரண்டு பக்கமும் பாருங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், திரும்பும்போது களைப்பாக இருந்தால் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வர முச்சக்கர வண்டி பிடிக்கலாம்.

அலஸ்தோட்டத்திலிருந்து ஒரு தங்கை: றொக் எங்கே தொடங்குவது? எல்லாம் இரைச்சலாகக் கேட்கிறது.

பீற்றில்ஸில் தொடங்குங்கள், மெட்டு உடனே பிடிக்கும். அடுத்தது டீப் பேர்ப்பிள், அப்புறம் பொறுமையாக இருட்டில் பிங்க் புளோயிட். நம் நாட்டு மெற்றல் கேட்க ஆசை வந்தால் கொழும்பின் ஸ்டிக்மாட்டா. இரைச்சல் பிரிய ஒரு வழி சொல்கிறேன். ஒரே பாட்டை மூன்று தரம் போடுங்கள். ஒரு தரம் ட்ரம்மை மட்டும், ஒரு தரம் பேஸ் கிற்றாரை மட்டும் பின்தொடருங்கள், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து. பேஸ் பிடிபட்டுவிட்டால் பாட்டு திறந்துவிடும்.

சல்லியிலிருந்து ஒரு தம்பி: சைக்கிளும் றொக்கும் சேர்ந்த பாட்டு ஏதாவது உண்டா?

உண்டு. குயீன் குழு 1978 இல் சைக்கிளைப் பற்றியே "பைசிக்கிள் றேஸ்" என்று ஒரு பாட்டு வெளியிட்டது, எழுதியவர் பிரெடி மேர்க்குரி. நடுவில் கிற்றார்கள் எல்லாம் நின்று, சைக்கிள் மணிகள் மட்டும் கூட்டமாக அடிக்கும். நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள்.