ஆட்டு ஈரலில் நீர்ப்பை: கவனிக்க வேண்டியது நாயை

கேள்வி: கொழும்பு மாவட்டம், அவிசாவளைப் பக்கம் பத்து ஆடு வளர்க்கிறேன். போன கிழமை ஒன்றை அறுத்தபோது ஈரலில் எலுமிச்சம்பழம் அளவு தண்ணீர்ப் பை இருந்தது. ஈரலை நாய்க்குப் போட்டுவிட்டு, இறைச்சியைச் சமைத்துச் சாப்பிட்டோம். எங்களுக்கும் கட்டி வந்து ஒப்பரேஷன் வரைக்கும் போகும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா ஐயா?

பதில்: இறைச்சியை நினைத்துக் கலங்க வேண்டாம் தம்பி. பிழை நாய்க்கு ஈரல் போட்டதில்தான்.

பை எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணாடி போல மெல்லிசாக வெளியே தொங்கி, உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வேறொரு நாடாப்புழுவின் குஞ்சு, மனிதருக்கு வராது. ஈரலுக்குள் புதைந்து தடித்த வெள்ளைச் சுவரோடு இருந்தால் ஹைடாடிட் கட்டியாக, அதாவது நாயின் குடலில் வாழும் ஒரு சிறிய நாடாப்புழுவின் குஞ்சுகள் வளரும் நீர்க்கட்டியாக, இருக்கலாம். அடுத்த முறை கண்டால் குத்திப் பார்க்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஹைடாடிட் கட்டியைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் ஒரு சென்ரிமீற்றர் கூட வராத புழுக்கள் வளரும். முட்டை வெளியே வரக் குறைந்தது நாலைந்து கிழமை செல்லும். அந்த முட்டைதான் புல்லில் ஆட்டுக்கும், கழுவாத கையிலும் கீரையிலும் நமக்கும் வருகிறது. ஒரு கிழமைதானே ஆகிறது, அதனால் இப்போதே நாயின் எடைக்கு ஏற்ப பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்தைக் கொடுங்கள். ஐவர்மெக்டின் ஊசி நாடாப்புழுவைத் தொடாது. மருந்து கொடுத்த பின் இரண்டு நாள் கட்டி வைத்து, மலத்தை ஆழமாகப் புதையுங்கள்.

ஆனால் நாய் ஈரல் தின்றது இதுதான் முதல் தடவை என்று நான் நம்பவில்லை. அதனால் வீட்டில் யாருக்காவது வலப்பக்க விலாவுக்குக் கீழே பாரமோ நோவோ நீடித்தால் ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கான் பண்ணிப் பாருங்கள். கட்டி ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளரும். பெரும்பாலும் ஈரலில், அடுத்து நுரையீரலில்.

கட்டி என்றாலே கத்தி என்ற காலம் போய்விட்டது. 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஸ்கான் படத்தை வைத்துக் கட்டிகளை நிலை நிலையாகப் பிரித்தது. செத்துச் சுண்ணாம்பு படிந்ததை அப்படியே விட்டுக் கண்காணிப்பார்கள். புழு உயிரோடு இருக்கும் சிறிய கட்டிக்கு மாதக்கணக்கில் அல்பென்டசோல் என்ற புழு மருந்து. சிலவற்றை ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். காஷ்மீரில் 50 பேரிடம் செய்த ஆய்வு 1997இல் வெளியானது: ஊசி முறையில் ஆஸ்பத்திரியில் இருந்தது சராசரி 4 நாள், ஒப்பரேஷனில் ஏறக்குறைய 13 நாள், கட்டி சுருங்கியதில் பெரிய வித்தியாசம் இல்லை. சிக்கலான கட்டிக்கு இன்றும் ஒப்பரேஷன்தான். அந்த நீர் உள்ளே சிந்தினால் உயிராபத்தான ஒவ்வாமை வரலாம். பழகிய வைத்தியர்தான் தொட வேண்டும். ஆட்டுக்கு வாங்கி வைத்த அல்பென்டசோலை நீங்கள் குடித்துவிடாதீர்கள், அதற்கு இரத்தப் பரிசோதனையெல்லாம் தேவை.

சரி, இனி ஈரலும் நுரையீரலும் நாய்க்குப் போடத்தான் வேண்டுமென்றால் அரை மணிநேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வையுங்கள். இல்லாவிட்டால் ஆழமாகப் புதைத்து மேலே கல் வையுங்கள். பக்கத்து வீட்டு நாயும் தோண்ட வரும்.