ரத்தம் சிந்தாமல் வளர்ந்த நாடா நியூசிலாந்து?

கேள்வி: நியூசிலாந்தும் பிரிட்டிஷ்காரர்களிடம் இருந்த நாடுதானே? போராட்டம், ரத்தம் எதுவும் இல்லாமல் சுதந்திரம் வாங்கி இவ்வளவு தூரம் எப்படி முன்னேறினார்கள்?
– ஈரோடு வாசகர்

பதில்: சுதந்திர தினம் என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. 1907-ல் டொமினியன் அந்தஸ்து (பிரிட்டிஷ் பேரரசுக்குள்ளேயே தன்னாட்சி), 1947-ல் சட்டம் இயற்றும் முழு அதிகாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்ததுதான். ஆண்டவர்களே பிரிட்டனிலிருந்து குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எனும்போது யாரை எதிர்த்துப் போராடுவார்கள்?

ஆனால் ரத்தம் நிறையவே சிந்தியது. 1840-ல் வைட்டாங்கி என்ற இடத்தில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் நிலம் அவர்களுக்கே என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, 1860-களில் படையை அனுப்பினார்கள். எதிர்த்துப் போரிட்டார்கள் என்று காரணம் சொல்லி வைகாட்டோ பகுதியில் மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கரைப் பிடுங்கிக்கொண்டார்கள். இன்று பால் பண்ணைகளுக்குப் பேர்போன பகுதி அதுதான்.

அப்புறம் 1882-ல் 'டனீடின்' என்ற பாய்மரக் கப்பல், கிட்டத்தட்ட 5,000 ஆடுகளின் உறைந்த இறைச்சியோடு லண்டனுக்குக் கிளம்பியது. வெப்பமண்டலக் கடலில் குளிர்காற்று சரியாகப் பரவவில்லை என்றதும், கேப்டன் விட்சன் தானே காற்றுக்குழாய்க்குள் ஊர்ந்துபோய் ரம்பத்தால் துளைகள் போட்டார். உள்ளேயே விறைத்துப்போனவரைக் காலில் கயிறு கட்டித்தான் வெளியே இழுத்தார்களாம். 98 நாள் பயணம் முடிந்து சரக்கு கெடாமல் போய்ச் சேர்ந்தது. அதுவரை கம்பளிக்காகவே ஆடு வளர்த்த நாட்டுக்கு இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி எல்லாமே ஏற்றுமதியாக வழி பிறந்தது. கையில் காசு வரவர, 1898-ல் முதியோர் ஓய்வூதியம், 1938-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் என்று போனார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1893-லேயே பெண்களுக்கு வாக்குரிமை! நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு அதைக் கொடுத்த முதல் தன்னாட்சி நாடு அதுதான், கேட் ஷெப்பர்டும் தோழிகளும் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கியதால் கிடைத்தது.

லண்டன் சந்தையை நம்பியிருந்தவர்களுக்கு, 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது பெரிய அடி. வேறு சந்தைகளைத் தேட வேண்டியதாயிற்று.

என்னைக் கேட்டால், நவீன நாடு என்ற பெயருக்கு அவர்கள் உண்மையில் தகுதி தேடிக்கொள்ளத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1975-ல் ஃபினா கூப்பர் என்ற 79 வயது மாவோரிப் பாட்டி, இனி ஒரு ஏக்கர்கூடப் போகக்கூடாது என்று வடகோடியிலிருந்து தலைநகர் வெலிங்டன் வரை நடைப்பயணத்துக்குத் தலைமை தாங்கினார். அதே ஆண்டு, அந்தப் பழைய ஒப்பந்தம் மீறப்பட்ட புகார்களை விசாரிக்க வைட்டாங்கி தீர்ப்பாயம் அமைந்தது, ஆனால் 1840 வரை பின்னோக்கிப் போய் விசாரிக்கும் அதிகாரம் 1985-ல்தான் அதற்குக் கிடைத்தது. 1995-ல் வைகாட்டோ மக்களுக்கு 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பில் நிலமும் பணமும், கூடவே மன்னிப்பும். அந்தச் சட்டத்தில் எலிசபெத் ராணியே நேரில் வந்து கையெழுத்திட்டார். பறிகொடுத்ததன் மதிப்போடு பார்த்தால் அது சிறு தொகைதான். வடக்கே நாப்புஹி என்ற மிகப் பெரிய மாவோரி குலத்தோடு இன்னும் உடன்பாடே ஆகவில்லை.