பழைய 486 கணினிக்கு எந்தப் பசை?

கேள்வி: பல ஆண்டுகளாகப் பெட்டிக்குள் இருந்த என் 486 கணினியை, மகனுக்குக் காட்டுவதற்காக மீண்டும் இயக்கினேன். 10 நிமிடத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. டிஎக்ஸ்2-66 ப்ராசசருக்கும் அதன்மேல் உள்ள, வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க்குக்கும் இடையிலான பசை காய்ந்து பொடியாக உதிர்கிறது. பசைக்குப் பதிலாகத் திரவ உலோகம் பூசுமாறு நண்பர் சொல்கிறார். பூசலாமா?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தயவுசெய்து பூசாதீர்கள். திரவ உலோகத்தில் உள்ள கேலியம் அலுமினியத்துக்குள் ஊடுருவி அதை நொறுங்கச் செய்துவிடும். அது மின்சாரத்தையும் கடத்துமாதலால், வழிந்து மதர்போர்டில் விழும் ஒரு துளிகூட ஆபத்தானது.

1992-இல் வெளிவந்த உங்கள் ப்ராசசர் வெளியிடும் வெப்பம் சில வாட் அளவே என்பதால், துத்தநாக ஆக்சைடு கலந்த சாதாரண வெள்ளைப் பசையே போதும். பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் ப்ராசசரின் மேற்பரப்பான பீங்கானிலும் ஹீட்சிங்க்கின் அலுமினியத்திலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் என்பதால், அதை வெளியேற்றி அந்த இடத்தை நிரப்புவதே பசையின் வேலை. ஆனால் பசையும் அலுமினியத்தைவிடப் பல மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே தடிமனாகப் பூசினால் வெப்பத்தை நாமே தடுத்ததாகிவிடும்; நான் திறந்து பார்க்கும் பழைய கணினிகளில் அதிகம் காணும் தவறு இதுதான்.

மின்கம்பியைக் கழற்றிய பின், கிளிப்பை விடுவித்து ஹீட்சிங்க்கை இலேசாகத் திருகி எடுங்கள், ஒருபோதும் நெம்பாதீர்கள். அசையவே இல்லையென்றால் அது பசையன்று, கெட்டியான ஒட்டு. அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரு பரப்புகளையும் துடைத்து, மையால் அச்சிட்ட எழுத்து இருந்தால் அதன்மேல் அழுத்தித் தேய்க்காமல் விடுங்கள். பிறகு, காலாவதியான ஈசி-லிங்க் பயண அட்டையின் விளிம்பால், பீங்கானின் நிறம் மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பசையை இழுத்துப் பரப்புங்கள். ஹீட்சிங்க்கை ஒருமுறை வைத்து அழுத்தி எடுத்துப் பாருங்கள்: அதன் அடியில் நடுப்பகுதி முழுவதும் வெண்மை படிந்திருந்தால் சரியாகப் பொருந்துகிறது, ஓரத்தில் மட்டும் படிந்திருந்தால் கிளிப் சாய்ந்திருக்கிறது.

நம் ஊரில் பகல் வெப்பம் 31 டிகிரியை எளிதில் தொடுவதால், கணினியைச் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். பசை மாற்றிய பிறகும் நின்றுபோனால், மின்விசிறி சுழல்கிறதா என்று பார்த்துவிட்டு, மின்வழங்கியின் 5 வோல்ட் இணைப்பைக் கணினி ஓடும்போதே மீட்டரால் அளந்து பாருங்கள்.